என் லீவுக்குப் பழுத்த திராட்சை

1982ஆம் வருஷத்து மழைக்காலம். நான் சென்னையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடும் திராட்சைத் தோட்டமும் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், ராயப்பன்பட்டியில். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குத் தெளிவாகும். அதனால் நடந்ததை முதலில் எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.

1. கார்த்திகை பிறந்ததும் கல்லூரி லீவு என்று வீட்டுக்கு எழுதினேன்.
2. அந்த நேரத்தில் பழம் பழுக்கும்படி அப்பா தோட்டத்தில் கவாத்து செய்தார். இது எனக்குத் தெரியாது.
3. கல்லூரியில் ஸ்டிரைக் வந்தது. பரீட்சை தள்ளிப்போனது. நான் ஊருக்கு வரவில்லை.
4. பழம் பழுத்தது. வாங்க ஆள் வந்தும் அப்பா வெட்டவில்லை.
5. மழை பிடித்துக்கொண்டது.
6. நான் வந்தேன்.
7. அப்பாவுக்கு ஒரு யோசனை சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார்.

ஆறாவது வரைக்கும் உள்ளதை ஊரில் பலரும் பேசியிருக்கிறார்கள். ஏழாவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது அந்த ஏழாவதுதான்.

திராட்சை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொடியை அதன் போக்கில் விட்டால் இலைதான் வரும். பழைய கிளைகளை வெட்டிக் கொடியை மொட்டையாக்க வேண்டும். அதுதான் கவாத்து. மொட்டையான கொடி துளிர்த்து, பூத்து, காய்த்து, மூன்றரை மாதத்தில் பழம் வெட்டுக்கு வந்துவிடும். அதாவது, பழம் எப்போது பழுக்க வேண்டும் என்பதைக் கவாத்து செய்கிற நாளிலேயே தோட்டக்காரர் முடிவு செய்துவிடுகிறார். எங்கள் பக்கம் ஆனி பிறந்ததும் கவாத்து செய்து, புரட்டாசியில் வெட்டி முடித்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கொடியில் பழம் இருக்கக்கூடாது. பழுத்த பன்னீர்த் திராட்சை அடைமழையில் நனைந்தால் தோல் வெடிக்கும், மறுநாள் புளிக்கும், அடுத்த நாள் அழுகும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டு தொடங்கும் நாளில் முதல் குலையை நான்தான் வெட்டுவேன். எட்டு வயதில் நான் மாதா கோயிலில் புதுநன்மை எடுத்து, முதல்முறையாக நற்கருணை வாங்கிய வருஷம் அப்பா என்னைப் பந்தல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, கையில் ஒரு சின்னக் கத்தரியைக் கொடுத்தார். அந்தக் கத்தரியை எனக்கென்றே தேனியில் வாங்கி வந்திருந்தார். அந்த வெட்டுக்கு நல்ல விலை கிடைத்தது. மகளுக்குக் கைராசி என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் நான் முதல் குலையை வெட்டித் தட்டில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்துவிட்டு வருவேன். அதன் பிறகுதான் வெட்டுக்கு வந்த பெண்கள் பந்தலுக்குள் நுழைவார்கள். பள்ளிக்கூட நாளாக இருந்தால் யூனிபார்மோடு போய் வெட்டிவிட்டு ஓடுவேன். வெட்டு ஆட்களைக் கூட்டிவரும் ஒரு அக்கா, பந்தலுக்கு வெளியே கூடையோடு நின்றுகொண்டு, "பூசை முடிஞ்சுச்சா சாமியாரே? நாங்க உள்ள வரலாமா?" என்று தினுசு தினுசாகக் கேலி செய்வார்.

பிளஸ் டூ முடித்து நான் சென்னைக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் மதுரையைத் தாண்டிப் படிக்கப் போனது அதுதான் முதல் தடவை. சேர்க்க வந்த அப்பா விடுதியில் எதையும் விசாரிக்கவில்லை. வராந்தாவில் இருந்த குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முல்லையாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு அந்த உப்புத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாப் படி ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எனக்குச் சென்னை ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வகுப்பு, லேப், வொர்க்ஷாப், படம் வரைகிற மேஜை என்று பொழுது போனது. அப்பா எப்படிப் பழகினார் என்று நான் யோசித்ததில்லை. அம்மா சொல்லித்தான் சிலது தெரியும். சாயங்காலம் ரேடியோவில் மாநிலச் செய்தி முடிந்து வானிலை சொல்லும்போது அப்பா எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வாராம். சென்னை நிலவரத்தைச் சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடுவாராம்.

"நம்ம ஊருக்கு மழை உண்டா இல்லையான்னு கேக்கறதுக்குள்ள ரேடியோவ அமத்திர்றாக. மெட்ராசுல மழைன்னா இங்கன குடைய எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போறாக" என்று அம்மா முதல் லீவில் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த முதல் லீவு கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்தது. நான் இல்லாத புரட்டாசியில் அம்மாதான் முதல் குலையை வெட்டியிருந்தார். நான் வந்தபோது அடுத்த கவாத்தும் முடிந்து, பந்தல் முழுக்க வெறும் கட்டையாகக் கிடந்தது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடும்போது, "அடுத்த வருஷமாச்சும் நான் வர்றப்ப பழம் இருக்கட்டும்ப்பா. மெட்ராசுல வண்டியில விக்கிறதப் பாத்துப் பாத்து ஏங்கிக் கெடக்கேன்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அப்பா ரசம் வேண்டும் என்று தட்டை நீட்டினார்.

இரண்டாம் வருஷம் கல்லூரி திறந்ததும் அம்மாவின் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவது அம்மாதான். "உன் லீவு எந்தத் தேதி என்று அப்பா கேட்கிறார்கள், சரியாக எழுது" என்று இருந்தது. மதுரைக்கு வந்து என்னைக் கூட்டிப்போக இருக்கும் என்று நினைத்து, கல்லூரி நாள்காட்டியைப் பார்த்து எழுதி அனுப்பினேன். ஊரில் மற்றவர்களெல்லாம் ஆனியில் கவாத்தை முடித்திருந்தார்கள். அப்பா ஆடி நடுவில்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியாது. கேட்டவர்களிடம், "கார்த்திகையில யாருகிட்டயும் பழம் இருக்காதுல்ல. வரத்துக் கொறஞ்சா வெல ஏறும்" என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. மழை ஏமாற்றிப் போகிற வருஷத்தில் அப்படிச் செய்து நல்ல காசு பார்த்தவர்கள் உண்டு. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

ஐப்பசியில் மழை அவ்வளவாக இல்லை. பழம் கறுத்து வந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரியில் விடுதிச் சாப்பாட்டில் தொடங்கி ஸ்டிரைக் பெரிதாகி, பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு அறிவிப்பார்கள், நாளைக்கு அறிவிப்பார்கள் என்று விடுதியிலேயே காத்திருந்தோம். "லீவு சில நாள் தள்ளிப்போகும்" என்று வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன். ஒரு நாள் மத்தியானம் தோழிகளோடு வெளியே போனபோது தள்ளுவண்டியில் பன்னீர்த் திராட்சை இருந்தது. கால் கிலோ வாங்கினோம். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "பழுக்கறதுக்கு முன்னாடியே வெட்டிட்டாங்க. எங்க அப்பா இப்படி வெட்ட மாட்டார்" என்று தோழிகளிடம் பெருமை பேசினேன்.

அதே நாட்களில் ஊரில் நடந்ததை அம்மாவும், வெட்டு ஆட்களைக் கூட்டிவரும் அந்த அக்காவும் பிறகு சொன்னார்கள்.

கம்பத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வழக்கமாக வரும் வியாபாரி ஒருவர் உண்டு. அப்பாவைவிட வயதில் சின்னவர், ராவுத்தர். மலையாளத்துப் பக்கம் பழம் அனுப்புகிறவர். அப்பா சொன்னபடியே அப்போது வரத்து இல்லாததால், அவரே தேடி வந்து நல்ல விலை சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கே ஆளப் போடுங்கண்ணே. பெட்டி நான் கொண்டாறேன்."

"பொண்ணு வரட்டும்யா. இன்னும் ரெண்டு நாள்ல வந்துரும். அது வந்து கத்தரியத் தொட்டுட்டா அப்புறம் ஒரே நாள்ல வெட்டிரலாம்."

"நீங்க இதையே சொல்லி ஒரு வாரமாச்சுண்ணே."

"பரீட்சை தள்ளிப்போச்சாம். கார்டு போட்டிருக்கு."

வியாபாரி வானத்தைப் பார்த்திருக்கிறார். மேற்கே மலை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. "மழை உங்க பொண்ணு மாதிரி கார்டு போட்டுட்டு வராதுண்ணே" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலமும் அப்பா ரேடியோ கேட்டாராம். சென்னையில் வறண்ட வானிலை. அப்படியானால் பிள்ளை கிளம்பி வந்துவிடும் என்றாராம். அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கிறது. "நானே வெட்டுறேன். போன தடவ நான் வெட்டலயா? எங்கையி என்ன வெளங்காத கையா?" என்று கேட்டதற்கு, "பிள்ளைக்குன்னு வச்ச பழம்டி இது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியிருக்கிறது.

மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

பரீட்சை ஒருவழியாக முடிந்து நான் ரயிலில் மதுரை வந்து, கம்பம் பஸ் பிடித்து, உத்தமபாளையத்தில் இறங்கினேன். ராயப்பன்பட்டிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாம்மா இஞ்சினீயரு. வந்துட்டியா. உன்னைய எதிர்பாத்து எதிர்பாத்துக் கொடியெல்லாம் அழுது வெடிச்சிருச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"வீட்டுல சொல்லலியா? பழம் பூராம் போச்சு ஆத்தா. எங்க ஆளுக பதினஞ்சு பேரு, கூடையத் தூக்கிட்டு வர்றதும் திரும்பிப் போறதுமா இருந்தோம். நீ வந்து முதக்குலைய வெட்டுனாத்தான் வெட்டாம். கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடுக்க ஆளு வரணும்ங்கற மாதிரி உக்காந்துட்டாக உங்கப்பா. எங்க கூலியும்தான் போச்சு. ஆனா அவுகளப் போயி என்னத்தச் சொல்ல? மழையில நின்னுக்கிட்டு எங்களப் பாத்து, 'நாளைக்கு வாங்க தாயி'ன்னு கும்புடுறாக."

பஸ் ஆனைமலையன்பட்டியைத் தாண்டுகிறவரை மனதுக்குள் கணக்குப் போட்டேன். இன்றைக்குப் பழம் பழுத்திருந்தால் கவாத்து ஆடியில் நடந்திருக்க வேண்டும். அப்பா ஏன் ஆடியில் கவாத்து செய்தார்? அம்மா லீவுத் தேதி கேட்டது எப்போது? ஆடியில். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ஆனால் இறங்கினாலும் அது எங்கள் ஊராகத்தான் இருந்திருக்கும்.

வீட்டில் அம்மா, தூறலில் நனைந்திருந்த என் தலையைத் துவட்டிவிட்டு, "தோட்டத்துலதான் இருக்காக, போயிப் பாரு. ஒண்ணும் கேக்காத" என்றார்.

பந்தலுக்கு ஐம்பது அடி இருக்கும்போதே புளித்த வாடை வந்தது. கள்ளுக்கடை பக்கம் போவது மாதிரி இருந்தது. குளவிகளும் ஈக்களும் ஒரே இரைச்சல். குலைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே தொங்கின. ஒவ்வொரு பழத்திலும் ஒரு கீறல். கீழே மண் கறுத்துப் பிசுபிசுவென்று கிடந்தது. அப்பா ஒரு கூடையில் அழுகிய குலைகளை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியே விட்டால் நோய் கொடிக்கும் ஏறிவிடும்.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். வேறு எதுவும் இல்லை. "வந்துட்டியா ஆத்தா. பரீட்சை நல்லா எழுதுனியா?" என்று கேட்டார். பிறகு, "இங்கன வா" என்று கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரே ஒரு குலைக்கு, யூரியாச் சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழுவி, சுற்றிக் கட்டியிருந்தார். அவிழ்த்தார். உள்ளே கறுத்த பழங்கள், தோலில் மாவுபோலப் படிந்த வெண்பூ கலையாமல், ஒன்றுகூட வெடிக்காமல் இருந்தன.

"ஒரு குலையாச்சும் இருக்கட்டும்னு மூடி வச்சேன்" என்று சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கத்தரியை எடுத்துக் கொடுத்தார்.

நான் வெட்டினேன். தட்டில் வைத்துக் கோயிலுக்குப் போனேன். வழியில் பார்த்தவர்கள் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மாதா காலடியில் வைத்துவிட்டு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இனி ஏழாவது.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அழவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் மறுபடி இப்படிச் செய்துவிடக்கூடாது என்கிற ஒன்றுதான் என் நினைப்பு. தாளில் மாதங்களை எழுதினேன். எந்த மாதம் கவாத்து செய்தால் எப்போது பழுக்கும், அப்போது மழை எப்படி, விலை எப்படி என்று கட்டம் போட்டுக் காட்டினேன். நிதானமாக, பாடம் நடத்துகிற மாதிரி சொன்னேன். கல்லூரித் தேதிகளை நம்ப முடியாது. படிப்பு முடிந்தால் வேலை. வேலையில் லீவு இன்னும் குறைவு. அதற்குப் பிறகு நான் எந்த ஊரில் இருப்பேன் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தோட்டம் என்னைப் பார்த்து நடக்கக்கூடாது.

"இனிமே எனக்காகக் காத்திருக்க வேணாம்ப்பா. முதக்குலைய நீங்களே வெட்டிருங்க. யாரு வெட்டுனாலும் பழம் ஒண்ணுதான."

அப்பா அந்தத் தாளை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே, "அவுக என்ன இதெல்லாம் தெரியாமலா வச்சாக?" என்றார். அம்மா என்னை இடைமறித்துப் பேசியது எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

"சரிதான் ஆத்தா. நீ சொல்றது சரிதான்" என்றார் அப்பா. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு பிரச்சினையைச் சரியாகத் தீர்த்துவிட்ட நிம்மதி. அந்த லீவு முழுக்க அப்பா எப்போதும்போலவே இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உத்தமபாளையம் போய் எனக்கு ஒரு குடை வாங்கி வந்தார்.

அடுத்த கவாத்தை அப்பா தை பிறக்குமுன் முடித்தார். சித்திரையில் வெட்டு. எனக்கு அப்போது பரீட்சை. அப்பாவே முதல் குலையை வெட்டினார், நல்ல விலை போனது, கம்பத்து வியாபாரி வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார் என்று அம்மா எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தைத் தோழிகளுக்குக் காட்டி, "நான் சொன்னபடி செய்தார், பலித்துவிட்டது" என்றேன். அதற்கடுத்த வெட்டும் அப்படியே. அம்மாவின் கடிதங்களில் மழை, விலை, உறவுக்காரர் கல்யாணம் என்று எல்லாம் இருக்கும். ஒன்று மட்டும் நின்றுபோயிருந்தது. நின்றுபோனதை நான் கவனிக்க ஒரு வருஷத்துக்கு மேலானது. லீவு எந்தத் தேதி என்று அதற்குப் பிறகு வீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை.

கடைசி வருஷம் புரட்டாசியில் புராஜக்ட் வேலையாக மதுரைக்கு வந்தேன். வேலை சீக்கிரம் முடிந்ததால் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பாவுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார். வீட்டு முன்னால் பழப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"எப்பம்மா வெட்டு?" என்றேன்.

"நாளைக்குத்தான்" என்றார் அம்மா.

கல்லூரிக்குப் போன பிறகு முதல் தடவையாக, யாரும் திட்டம் போடாமலே, பழமும் நானும் ஒரே நாளில் சேர்ந்திருந்தோம். அப்பாவே கூப்பிடுவார் என்று நினைத்தேன். நானாகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று கட்டம் போட்டுக் காட்டியவள் நான்தானே. அலைச்சலில் அசந்து தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். மோட்டார் ரூம் சுவர்மேல் தட்டு இருந்தது. தட்டில் ஒரு குலை.

"முழிச்சிட்டியா ஆத்தா?" என்றார் அப்பா. பெட்டிகளுக்குள் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"வெட்டியாச்சாப்பா?"

"ஆச்சு. லாரி ஒம்பது மணிக்கு வந்துரும்ல. நீ அசந்து தூங்குன. எழுப்ப வேணாம்னுட்டேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. அதை நான் நிச்சயமாகச் சொல்வேன். அவருக்கு லாரி அவசரம். பந்தலுக்குள்ளிருந்து அந்த அக்கா தலையை நீட்டினார். "இஞ்சினீயரம்மா, இப்பல்லாம் உங்கப்பாவுக்கே கைராசி வந்துருச்சு. உன்னையத் தேட வேண்டிய வேலையே இல்ல" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்பா கையில் இருந்தது பெரிய கத்தரி. சின்னது எங்கே என்று கேட்டேன். அதை அம்மா தையல் மெஷினில் வைத்திருப்பதாக அப்பா சொன்னார். கிடந்த ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு நானும் பெண்களோடு பந்தலுக்குள் போய் மத்தியானம் வரை வெட்டினேன். எத்தனையோ குலை வெட்டினேன். அவை எல்லாமே பெட்டிக்குப் போயின.

அன்று அப்பா என்னை எழுப்பாமல் விட்டது என் சொல்லைக் காப்பாற்றுவதற்காகவா, நான் இல்லாமல் பழகிப்போனதாலா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முதலாவதாக இருந்தால் ஒரு வார்த்தையில் சரி செய்துவிடலாம். இரண்டாவதாக இருந்தால் சரி செய்ய எதுவும் இல்லை. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிய எல்லா அப்பாக்களும் என்றைக்காவது பழகித்தானே ஆக வேண்டும். நான் அதைச் சீக்கிரம் பழக்கிவிட்டேன், அவ்வளவுதான். என்ன ஒன்று, அந்தத் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாரே, அப்போதே வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஒரு வெட்டு முழுசாகப் பறிபோனாலும் பரவாயில்லை என்று ஒருவர் எனக்காகப் பழத்தைக் கொடியில் வைத்திருந்தார். அதை நான் திருத்த வேண்டிய தவறாக மட்டும் பார்த்தேன்.

இப்போது ஆந்திராவில் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். தோட்டமும் நன்றாக இருக்கிறது, சந்தையையும் மழையையும் பார்த்துத்தான் கவாத்து நடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வெட்டுகூட மழையில் போகவில்லை. நான் போகும்போது கொடி சில சமயம் மொட்டையாக இருக்கும், சில சமயம் பச்சைக் காயாக இருக்கும். என் யோசனை இன்றுவரை ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. இந்த வருஷம் கவாத்து எப்போது செய்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.